டிஸ்டோப்பியா விறுவிறுப்பு, யுட்டோப்பியா கொட்டாவி: ஏன் இப்படி?

கடைசிபெஞ்ச்:
கொடுங்கோல் உலகைக் காட்டும் டிஸ்டோப்பியா நாவல் இரண்டு நாளில் முடிகிறது. லட்சிய உலகைக் காட்டும் யுட்டோப்பியா என்றால் ஐம்பதாம் பக்கத்திலேயே கண்ணைக் கட்டுகிறது. தாமஸ் மோரின் ‘யுட்டோப்பியா’ (1516) பாதியில் கிடக்கிறது. எல்லாரும் சுகமாக இருக்கும் ஊரில் கதைக்கு என்ன வேலை? தூக்கம் வராத யுட்டோப்பியா உண்டா? ஆங்கிலத்தில் இருந்தாலும் சரி, நீளம்தான் பயம்.

மைக்கூடு:
மோரை முதலில் எடுத்ததுதான் கோளாறு. பழைய யுட்டோப்பியா எல்லாம் ஊர் சுற்றிக் காட்டும் கதை. வெளியூர்க்காரர் வருவார், உள்ளூர்க்காரர் கூட்டிப்போவார். “திருட்டே இல்லையா?” “இல்லை, ஏனென்றால்…” என்று ஓடும். விருந்தாளிக்கு அங்கே இழக்க ஒன்றுமில்லை, அதனால் படிப்பவருக்கும் பதைப்பு இல்லை. டிஸ்டோப்பியாவில் உள்ளூர்வாசியே மாட்டிக்கொள்கிறார். வித்தியாசம் அங்கேதான், சுகத்திலோ துக்கத்திலோ இல்லை.

மோரைப் படித்தே தீர வேண்டுமென்றால் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குங்கள். அவர் முதலில் எழுதியதும் அதைத்தான். ஆறு மணி நேர வேலை என்ற இடத்தில் மயங்கிவிடாதீர்கள். அங்கே ஆடுமாடு அறுப்பது அடிமைகள். அனுமதிச் சீட்டு இல்லாமல் இரண்டாம் முறை ஊர் தாண்டினால் நீங்களும் அடிமை. இந்தக் கண்ணோடு படித்தால் தூக்கம் வராது.

சுருட்டுப்பெட்டி:
நீளம் பயம் என்றால் ரொக்கேயா சகாவத் உசேனின் ‘சுல்தானாவின் கனவு’. சில பக்கங்கள்தான், ஒரு மாலையில் முடியும். 1905இல் மதராஸிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில் வெளியானது. ஆண்கள் வீட்டுக்குள் கோஷா, பெண்கள் ஆட்சி. சூரிய வெப்பத்தைக் குவித்து எதிரிப் படையைத் துரத்துகிறார்கள்.

இதுவும் ஊர் சுற்றல்தான். ஆனால் நக்கல் தூக்கி நிறுத்துகிறது. ஆண்கள் ஆபீசில் ஏழு மணி நேரம் இருந்து என்ன கிழிக்கிறார்கள் என்று ஒரு கணக்கு: ஒரு சுருட்டு எரிய அரை மணி, நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் புகை! (அங்கே வரும் ‘செரூட்’ நம்ம சுருட்டிலிருந்து போன சொல்.)

நிலவறை:
அடுத்து உர்சுலா லெ க்வினின் ‘தி டிஸ்பொசஸ்ட்’ (1974). இரண்டு உலகங்களின் கதை: அரசும் சொத்தும் இல்லாத அனாரெஸ், செல்வம் கொழிக்கும் உர்ராஸ். பலர் மூன்றாம் அத்தியாயத்தில் கைவிடுவதற்குக் காரணம் காலக்குழப்பம். மொத்தம் 13 அத்தியாயம். முதலும் கடைசியும் பயணம். நடுவில் ஒற்றைப்படை எல்லாம் உர்ராஸ், நிகழ்காலம். இரட்டைப்படை எல்லாம் அனாரெஸ், பழைய கதை. இரட்டைப்படையை மட்டும் தனியாகப் படிக்கும் குறுக்குவழி வேண்டாம். இரண்டும் உரசுகிற இடத்தில்தான் நாவலே இருக்கிறது.

கதைக்கு என்ன வேலை என்றீர்களே, பதில் இங்கே. அனாரெஸில் வறட்சி வருகிறது, பஞ்சம் வருகிறது. சட்டம் இல்லாத ஊரில் அக்கம்பக்கத்தார் முகச்சுளிப்பே சட்டமாகிறது. நல்ல ஊரையும் தினம் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கிறது.

அனுபந்தம்:
டிஸ்டோப்பியா விறுவிறுப்பு என்பதையும் முழுசாக ஒப்ப முடியாது. ஆர்வெலின் ‘1984’ நாவலை வேகமாக முடித்தவர்களில் பலர் இரண்டாம் பாகத்தில் கதைக்குள் வரும் தடைசெய்யப்பட்ட அரசியல் நூலான கோல்ட்ஸ்டைன் புத்தகத்தைத் தாண்டிக் குதித்தவர்கள். கடைசி அனுபந்தத்தை விட்டால் பெரிய நஷ்டம். கதையில் ஆட்சி உருவாக்கும் மொழியான நியூஸ்பீக் பற்றிய அந்தக் கட்டுரை முழுக்க இறந்தகாலத்தில் இருக்கிறது. அப்படியானால் அந்த ஆட்சி ஒருநாள் ஒழிந்திருக்க வேண்டும் என்பது ஒரு வாசிப்பு. அமெரிக்கப் பதிப்புக்காக இந்த இரண்டையும் வெட்டச் சொன்னபோது ஆர்வெல் மறுத்துவிட்டார். அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) முடிவில் 2195ஆம் ஆண்டுக் கருத்தரங்கு வருகிறதே, அதையும் விடாதீர்கள்.

ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (1932) தொடக்கமும் ஊர் சுற்றல்தான், இயக்குநர் மாணவர்களுக்குக் குஞ்சுபொரிப்பகத்தைக் காட்டுகிறார். மூன்றாம் அத்தியாயத்தில் பல உரையாடல்கள் வரிக்கு வரி மாறும். யார் பேசுகிறார் என்று தேடாமல் ஒரே மூச்சில் ஓடவிடுங்கள், பிறகு தெளியும்.

தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. வாரத்தொடராக வந்தது, அதனால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொக்கி போட்டிருப்பார். ஆட்சியாளரை விட ரோபோ நாய் ஜீனோ மனதில் நிற்கும்.

கடைசிபெஞ்ச்:
அப்போ சுருட்டு, பிறகு அனாரெஸ். மோர் அப்படியே கிடக்கட்டுமா?

மைக்கூடு:
கிடக்கட்டும். அனாரெஸ் முடித்துவிட்டு இரண்டாம் பாகத்தைத் திறங்கள், அனுமதிச் சீட்டு வரும் இடத்திலிருந்து.