புதுப்பிப்பு: பழைய பண்ணைக்காக நடத்திய கோல்ஃப் போட்டி

ஒரு பழைய பண்ணையின் தானியக் கொட்டகையைக் காப்பாற்ற நிதி திரட்டும் கோல்ஃப் போட்டி நடத்துகிறோம், மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களையும் எப்படிச் சேர்ப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். போட்டி நல்லபடியாக முடிந்தது.

பலரும் சொன்ன 'ஸ்கிராம்பிள்' முறையைத்தான் வைத்தோம். அணிக்கு நாலு பேர். எல்லாரும் அடிப்பார்கள், எந்தப் பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ, அங்கிருந்தே நாலு பேருக்கும் அடுத்த அடி. புதியவரின் பந்து புதருக்குள் போனாலும் ஆட்டம் நிற்காது. 18 குழிகளிலும் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்கியதால், எல்லா அணிகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தன.

அங்கே என் பேச்சைவிட மேசையில் வைத்திருந்த ஒரு கல்தான் வேலை செய்தது. கொட்டகைச் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது அது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும். பின்னாளில் யாரோ மேலே சிமெண்ட் பூச, ஈரம் உள்ளேயே தங்கி, கல்லின் முகம் பொரிந்துபோயிருந்தது. விரல் பட்டாலே பொடி உதிரும். தொட்டுப் பார்த்தவர்களில் பலர் நேராக நன்கொடைப் பெட்டிக்குப் போனார்கள்.

ஒரே அடியில் குழிக்குள் போடுபவருக்கான பெரிய பரிசுக்குக் காப்பீடு எடுக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. யாரும் போடவில்லை, ஆனாலும் அன்று நிம்மதியாக இருந்தேன்.

வந்த பணத்தில் முதலில் கூரை. மேலே ஒழுகும்போது சுவரில் கைவைத்துப் பயனில்லை. சிமெண்டைச் செதுக்கி எடுப்பது அதற்கடுத்த வேலை. அப்போது படங்களோடு வருகிறேன்.