புதுப்பிப்பு: தொலைக்காட்சியில் 1920 × 1080 பிக்சல்களும் (படப்புள்ளிகளும்) முழுமையாகக் கிடைத்துவிட்டன

கணினியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே தொலைக்காட்சியுடன் இணைத்தபோது திரையின் ஓரங்கள் வெட்டுப்பட்டு, எழுத்துகள் மங்கித் தெரிவதாக முன்பு எழுதியிருந்தேன், அச்சிக்கல் தீர்ந்துவிட்டது. குறை கேபிளில் இல்லை. பழைய குழாய்த் திரைகளின் காலத்தில் ஒளிபரப்பின் ஓரப் பிசிறுகளை மறைப்பதற்காகப் படத்தைச் சற்றே பெரிதாக்கிக் காட்டிய ஓவர்ஸ்கேன் வழக்கம், இன்று தேவையற்றதாகிவிட்ட போதிலும், என் தொலைக்காட்சியில் தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் மென்பொருளில் படத்தைச் சுருக்கிப் பார்த்தபோது ஓரங்கள் தெரிந்தன; ஆனால் படம் கணினியில் ஒருமுறை, தொலைக்காட்சியில் ஒருமுறை என இருமுறை அளவு மாற்றப்பட்டதால் எழுத்துகள் மேலும் மங்கின.

தொலைக்காட்சியின் படவடிவ அமைப்பில் ஓவர்ஸ்கேனை நிறுத்தியதும் (இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பது எரிச்சலூட்டுகிறது), கணினி அனுப்பும் ஒவ்வொரு பிக்சலும் திரையின் ஒரு பிக்சலில் நேராகப் பொருந்தியது. சிவப்பு எழுத்துகளின் விளிம்பில் எஞ்சியிருந்த கலங்கல் மட்டும், தொலைக்காட்சியில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரைப் ‘பிசி’ (கணினி) என மாற்றி, நிற விவரம் குறைக்கப்படாமல் வரச் செய்த பிறகே நீங்கியது.