விங்ஸ்பேன்: போனஸ் கார்டுகளில் எதற்கு முதலிடம்?

கேள்வி:
விங்ஸ்பேன் என்ற பறவை போர்டு கேமில், முடிவில் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கார்டு இரண்டு தொடக்கத்தில் வரும். அதில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். எனக்கு அங்கேயே பத்து நிமிடம் போய்விடுகிறது. நேற்று ஈகாலஜிஸ்ட், ஹிஸ்டோரியன் இரண்டும் வந்தன. ஹிஸ்டோரியனை எடுத்தேன். மனிதர் பெயர் கொண்ட பறவைக்குத் தலா 2 புள்ளி. கடைசிவரை ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. நீங்கள் எப்படி வரிசைப்படுத்துகிறீர்கள்?

பதில்:
ஈகாலஜிஸ்ட்தான், யோசிக்கவே வேண்டாம். எந்த வாழிடத்தில் பறவை குறைவோ அங்குள்ள ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. காடு, புல்வெளி, நீர்நிலை மூன்றிலும் நான்கு நான்கு வைத்தால் 8. எந்தப் பறவை வந்தாலும் உதவும், சீட்டுக்கட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பெயரைப் பார்க்கும் கார்டுகளில் கீழே ஒரு சதவீதம் அச்சிட்டிருக்கும். பொருந்தும் பறவைகள் எவ்வளவு என்பதை அதுவே சொல்லிவிடும். அதோடு கையில் வந்த ஐந்து பறவைகளையும் பாருங்கள். குறைந்தது இரண்டு பறவை பொருந்தினால் மட்டும் ஹிஸ்டோரியனை எடுப்பேன்.

இன்னொரு பதில்:
12 பறவை வைப்பது லேசில்லை, மொத்தமே 26 முறைதான் ஆட முடியும். மூன்று மூன்று வைத்து 6 புள்ளி என்று கணக்குப் போடுங்கள். அப்போதும் ஈகாலஜிஸ்ட் நல்ல கார்டுதான். என் இரண்டாவது இடம் விஷனரி லீடருக்கு. முடிவில் கையில் 8 பறவைக் கார்டு இருந்தால் 7 புள்ளி. கார்டு எடுக்க உதவும் நீர்நிலை வரிசை வலுவாக அமைந்தால் கடைசி இரண்டு முறையில் சேர்த்துவிடலாம்.

கேட்டவர்:
அந்தச் சதவீதத்தை இத்தனை நாள் கவனிக்கவே இல்லை! சரி, அடுத்த முறை முதலில் அதைத்தான் பார்ப்பேன்.