கைலாகவமா, கைக்கரவா, கைவித்தையா?

தெம்பனிஸிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். ஜூன் விடுமுறையில் பிள்ளைகளுக்கு மாயவித்தைப் பட்டறை. சிங்கப்பூரின் நான்கு மொழியிலும் சுவரொட்டி. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கைவேகத்தால் கண்ணை ஏமாற்றுவதை ஆங்கிலத்தில் 'ஸ்லைட் ஆஃப் ஹேண்ட்' என்கிறார்களே, அதற்கு மலாயில் 'சிலாப் மாத்தா', அதாவது கண்ணின் பிழை என்று எழுதி முடித்துவிட்டார்கள். தமிழுக்கு நான்தான் பாக்கி. கைத்திறன் என்றால் கூடை முடைவது போல் இருக்கிறது. தந்திரம் என்றால் கையே காணவில்லை. இரண்டும் சேர்ந்த சொல் இருந்தால் தாருங்கள்.

ஈசூனிலிருந்து:
அம்மா, 'கைலாகவம்' இருக்கிறதே! லகு என்றால் கனமில்லாதது, அதிலிருந்து லாகவம். தசை சதை ஆனதுபோல் எழுத்து இடம் மாறி 'லாவகம்' ஆயிற்று. ஆங்கிலத்தில் இதையே 'லெஜெர்டிமெயின்' என்றும் சொல்கிறார்களே, அதுவும் பிரெஞ்சில் 'கனமில்லாத கை'தான். அங்கேயும் இங்கேயும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து:
லாகவத்தில் ஏமாற்று எங்கே, ஐயா? இராமன் வில்லை முறித்ததைக் கம்பன் 'எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்' என்கிறான். கண்ணுக்கு எட்டாத வேகம், ஆனால் ஒளிவு மறைவு கிடையாது. லாகவம் என்பது அதுதான். வித்தைக்காரன் செய்வதோ கரத்தல், அதாவது மறைத்தல். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' கேட்டு வளர்ந்த நமக்குக் 'கைக்கரவு' புரியாதா? வடசொல்லும் வேண்டியதில்லை.

சுவா சூ காங்கிலிருந்து:
அண்ணா, அதே வள்ளுவர்தான் 'களவறிந்தார் நெஞ்சில் கரவு' என்றும் சொன்னார். திருடன் மனத்தில் இருப்பதை ஒன்பது வயதுப் பிள்ளை கையில் கொடுக்கலாமா? இன்று தொடக்கநிலை 4இல் கைக்கரவைச் சொல்லிப் பார்த்தேன். "மாடு கறக்கிறதா, டீச்சர்?" என்றான் ஒருவன். சரி என்று 20 காசை இடக்கைக்கு மாற்றுவதுபோல் காட்டி, வலக்கை விரலிடுக்கிலேயே வைத்துக்கொண்டேன். இடக்கையைத் திறந்ததும் ஒரே கூச்சல். இதற்கு என்ன பெயர் என்றேன். மூன்று பேர் 'கைவித்தை' என்றார்கள்.

ஈசூனிலிருந்து:
கைத்தொழில் என்று நினைத்துவிடுவார்களே! செப்பிடு வித்தையை ஏன் மறந்தோம்? செப்பு என்றால் சிறு கிண்ணம். கவிழ்ப்பதும் திறப்பதும் கைவேகம், உள்ளே இருந்தது மறைவது ஏமாற்று. நீங்கள் கேட்ட இரண்டும் இதில் உண்டு.

தெம்பனிஸிலிருந்து:
உண்மைதான் ஐயா. ஆனால் பட்டறையில் கிண்ணம் இல்லை, சீட்டும் நாணயமும்தான். தனிமடலிலும் பெரும்பாலோர் கைவித்தை போதும் என்கிறார்கள். அதையே அனுப்புகிறேன்.

உட்லண்ட்ஸிலிருந்து:
அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் கைவித்தையில் மறைப்பு இல்லை என்பதில் நான் மாறவில்லை. அந்த 20 காசு விரலிடுக்கில் இருந்ததே, அதற்குக் கரவைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.