மூன்று மில்லிமீட்டர் சிலந்தி ஏன் சில மலை உச்சிகளில் மட்டும்?

இளமாறன்:
அமெரிக்காவின் தெற்கு அப்பலேச்சியன் மலைகளில் மட்டும் வாழும் மைக்ரோஹெக்சுரா மான்டிவாகா என்கிற பாசிச் சிலந்தியைப் பற்றிப் படித்தேன். முழு வளர்ச்சியிலும் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான், ஆனால் டரான்டுலா என்கிற பெரிய சிலந்திகள் இருக்கும் அதே பெரும்பிரிவைச் சேர்ந்ததாம். அவ்வளவு நீளமான மலைத்தொடரில் ஏன் ஒருசில உச்சிகளோடு நின்றுவிட்டது? பிடித்துக் கொண்டுபோய் வேறு மலையில் விட்டால் பிழைக்காதா?

பாறைமேடு:
அதற்கு ஈரம்தான் எல்லாம். நிழலான பாறைமேல் படர்ந்த பாசிக்கும் பாறைக்கும் இடையில் தட்டையான குழாய் மாதிரி வலை பின்னி அதற்குள்ளேயே இருக்கும். பாசி காய்ந்தாலும் போச்சு, தண்ணீர் தேங்கினாலும் போச்சு. இந்தப் பக்குவம் சுமார் 1,650 மீட்டருக்கு மேலே, மேகமும் மூடுபனியும் அடிக்கடி கவியும் ஸ்புரூஸ், ஃபிர் என்கிற ஊசியிலை மரக் காடுகளில்தான் அமைகிறது. பனியுகத்தில் இந்தக் காடுகள் கீழே வரைக்கும் பரவியிருந்தன, அப்புறம் வெப்பம் ஏற ஏற மேலே ஒதுங்கி, இப்போது மிட்செல், ரோன், கிராண்ட்ஃபாதர் போன்ற மலைகளின் தலையில் தீவுகளாக நிற்கின்றன. சிலந்தியும் அவற்றோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. இதே பேரினத்தின் இன்னொரு சிலந்தி கண்டத்தின் மறுகோடியில், வடமேற்குக் காடுகளில் இருக்கிறது!

தேன்மொழி:
அந்த நிழலே போய்க்கொண்டிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த அடெல்ஜிட் என்ற பூச்சி, அசுவினிக்குச் சொந்தம், ஃபிரேசர் ஃபிர் மரப்பட்டையில் ஒட்டிச் சாறு உறிஞ்சுகிறது, அது செலுத்தும் எச்சிலால் மரத்துக்குள் நீரோட்டம் கெட்டு மரமே பட்டுப்போகிறது. 1957-இல் மிட்செல் மலையில் இதைக் கண்டுபிடித்தார்கள், பிறகு பல உச்சிகளில் பெரிய மரங்கள் கூட்டமாகச் செத்தன. மரம் விழுந்தால் வெயில் நேராகப் பாறையில் விழும், பாசி சருகாகிவிடும். 1995-இல் இந்தச் சிலந்தியை அழியும் நிலையில் உள்ள இனம் என்று அறிவித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் சிலந்தியை மட்டும் தூக்கிக்கொண்டு போய் என்ன பயன், போகிற இடத்திலும் ஃபிர் நிழல் நிலைக்க வேண்டுமே?

இளமாறன்:
சரி, அப்படியானால் ஃபிர் மரங்கள் திரும்ப வளராதா?

தேன்மொழி:
வளர்கின்றன. இளங்கன்றுகளின் பட்டை வழவழப்பாக இருப்பதால் பூச்சி அவ்வளவாக ஒட்டாது, வயது ஏறிப் பட்டை சொரசொரப்பானதும் திரும்ப வந்துவிடும். ஆனாலும் அடர்ந்து வளரும் கன்றுகளும் நிழல் தரத்தான் செய்கின்றன, அதை நம்பித்தான் இருக்கிறேன்.

பாறைமேடு:
அங்கே நடைபயணம் போகிறவர்கள் பார்க்கும் ஆசையில் பாசியை உரித்துவிடாதீர்கள், ஒருமுறை பெயர்த்தால் அந்த இடம் காய்ந்துவிடும்.