தட்டை ஒதுக்கினோம், கத்தரியை ஒதுக்கவில்லை: எங்கள் வீட்டில் ஹெபடைடிஸ் பி

முக்கூடலில் உள்ள எங்கள் வீட்டில், மதினி கருவுற்றிருந்தபோது எடுத்த வழக்கமான இரத்தப் பரிசோதனையில்தான் அவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று இருப்பது தெரியவந்தது. கண்ணில் மஞ்சள் இல்லை, காய்ச்சலும் சோர்வும் இல்லை என்பதால் முதலில் யாரும் நம்பவில்லை. நம்பிய பிறகு ஆச்சி அவருக்கென்று தட்டும் டம்ளரும் தனியே எடுத்து வைத்தார். ஆனால், திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் இலை வெட்டும் கத்தரியும், அலமாரியில் கிடந்த ஒரே நகவெட்டியும் எல்லோர் கையிலும் மாறி மாறிப் போய்க்கொண்டுதான் இருந்தன.

பாளையங்கோட்டையில் நாங்கள் பார்த்த மருத்துவர், "தட்டை ஒதுக்காதீங்கம்மா, ரத்தம் படுற சாமானை ஒதுக்குங்க" என்று ஆச்சியிடமே சொன்னார். இந்த வைரஸ் இரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது; சேர்ந்து உண்பதாலோ, கட்டி அணைப்பதாலோ பரவுவதில்லை. உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்தில்கூட இது குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும் என்பதை அறிந்த பிறகு, ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, கத்தரி ஆகியவற்றை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தோம். கையில் இலைக் கத்தரி பட்டால் உடனே கழுவிக் கட்டுப் போடுவதும், சிந்திய இரத்தத்தைக் கையுறை அணிந்து பிளீச்சிங் கரைசலால் துடைப்பதும் வழக்கமாயின.

அண்ணன் உட்பட வீட்டில் அனைவரும் பரிசோதனை செய்துகொண்டோம். தொற்றும் எதிர்ப்பாற்றலும் இல்லாதவர்கள் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசிகள் போட்டுக்கொண்டோம். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், உடனடி எதிர்ப்பாற்றல் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடப்பட்டன. அடுத்த தவணைகள் 6, 10, 14ஆம் வாரங்களில் முடிந்தன. இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பிறப்பின்போது தொற்றும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை அதை நாட்பட்ட நோயாகச் சுமக்கிறார்கள், பெரியவர்களில் அது ஐந்துக்கும் குறைவு. தாய்ப்பால் கொடுப்பதற்குத் தடை ஏதும் இல்லை. ஒரு வயதை நெருங்கியபோது எடுத்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை.

அக்கம்பக்கத்தார் கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களின் அன்பை மதிக்கிறேன். ஆனால் அசுத்தமான நீராலும் உணவாலும் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே தணிந்துவிடுவதால்தான் எல்லாக் காமாலைக்கும் இலையே போதும் என்ற எண்ணம் நம் ஊர்ப்பக்கம் வேரூன்றியிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த இரண்டு வகைகளுக்கும் காய்ச்சிய நீரும் சோப்பிட்டுக் கழுவிய கையும் காப்பு. இ வகை கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாகலாம். சி வகைக்குத் தடுப்பூசி இல்லையென்றாலும், பெரும்பாலோர்க்குப் 12 வார மாத்திரையில் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பி, சி இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

மதினிக்குத் தன் பிறப்பின்போதே தொற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதால், அம்பாசமுத்திரத்தில் உள்ள அவர் பிறந்த வீட்டாரையும் சோதித்தோம். எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலைக்குப் போய்வந்த அவர் தம்பிக்கும் தொற்று இருந்தது. கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்ததால் வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோபோவிர் மாத்திரை தரப்பட்டது. அதை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தினால் நோய் திடீரென முற்றக்கூடும் என்பதால், மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அவருக்கு நினைவூட்டும் பொறுப்பை மதினியே ஏற்றிருக்கிறார்.