புது வீடு, பழைய கார்: ரேடியேட்டர் விசிறி சுற்றவில்லை, உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். புது வீட்டுக்கு வந்து இரண்டு வாரம். பாதிப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் என் 18 வருடப் பெட்ரோல் கார் படுத்துகிறது. சிக்னலில் நின்றால் சூட்டு முள் ஏறுகிறது, ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டர் விசிறி சுற்றவே இல்லை.

கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு சரி, ஒழுகலும் இல்லை. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தாற்போல் வெளுப்பு ஏதும் காணோம். அதனால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினுக்குள் கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) தப்பித்தது என்று நம்புகிறேன். ஃபியூஸும் நன்றாக இருக்கிறது. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தால் விசிறி ஜோராகச் சுற்றுகிறது!

அப்படியானால் கோளாறு ரிலேயிலா (விசிறிக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்), வெப்ப சென்சாரிலா? எதை முதலில் சோதிக்க வேண்டும், எப்படி? மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் மல்டிமீட்டர் எந்த அட்டைப்பெட்டிக்குள் போனதோ, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்பா ஓட்டிய வண்டி, கைவிட மனசில்லை. இதே தொல்லை பட்டவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.